ஆறரை மணி நேரத்தில் உங்களுக்கு எத்தனை நொடி?

கேள்வி:

வணக்கம் மேடம். நானும் என் தம்பியும் மரச்சாமான் பட்டறை நடத்துகிறோம். மேசை, நாற்காலி, அலமாரி, கட்டில் என்று ஆர்டர் எடுத்துச் செய்து கொடுப்போம். விளம்பரம் என்று இதுவரை எதுவும் செய்ததில்லை. ஒருத்தர் வாங்கிப் போய், அவர் சொல்லி இன்னொருத்தர் வந்து, அப்படியே தொழில் ஓடியது. இரண்டு வருடமாக விசாரிக்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிக்காரர் வந்து, "ஜனங்கள் ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம் ஆன்லைனில் இருக்கிறார்கள். நீங்கள் அங்கே இல்லை என்றால் தொழிலிலேயே இல்லை என்று அர்த்தம்" என்கிறார். மாதாமாதம் ஒரு தொகை கேட்கிறார், ஒரு வருட ஒப்பந்தம். தம்பி கையெழுத்துப் போடத் தயார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. போனில் விளம்பரம் வந்தால் நானே தள்ளிவிட்டுப் போகிறேன். மற்றவர்கள் மட்டும் உட்கார்ந்து பார்ப்பார்களா? எங்களைப் போன்றவர்களுக்கு இது உண்மையிலேயே தேவையா? தேவை என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

வணக்கம். தம்பியின் அவசரத்திலும் நியாயம் இருக்கிறது, உங்கள் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஏஜென்சிக்காரர் சொன்ன எண் ஏறக்குறைய சரிதான். அந்த எண்ணிலிருந்து அவர் தாவிப் போய்ச் சேர்ந்த முடிவுதான் இடிக்கிறது.

முதலில் அந்த ஆறரை மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி 2024-இல் சுமார் 550 கோடி பேர் இணையத்தைப் பயன்படுத்தினார்கள், அதாவது உலக மக்கள்தொகையில் 68 சதவீதம். இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆறரை மணி நேரம், ஏற்கெனவே இணையத்தில் இருப்பவர்களிடம் கேட்டு எடுத்த சராசரி. போன், கணினி எல்லாம் சேர்ந்தது. அதில் அலுவலக வேலை இருக்கிறது, பிள்ளைகளின் பாடம் இருக்கிறது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கும் நேரம் இருக்கிறது, அம்மாவோடு வீடியோ காலில் பேசும் நேரமும் இருக்கிறது. இது முழுவதும் விளம்பரத்துக்குத் திறந்து கிடக்கும் நேரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, அதில் ஒரு பகுதியாவது விளம்பரம் பார்க்கும் நேரம்தானே என்று தம்பி கேட்பார். அதற்குத்தான் வருகிறேன். ஹெர்பர்ட் சைமன் என்ற பொருளாதார அறிஞர் 1971-லேயே ஒன்று சொன்னார்: தகவல் பெருகப் பெருக, அது தின்று தீர்ப்பது படிப்பவரின் கவனத்தைத்தான், ஆகவே தகவல் மலிந்த இடத்தில் கவனத்துக்குப் பஞ்சம் வரும். அவர் இதைச் சொன்னபோது இணையத்தின் முன்னோடி ஆராய்ச்சிக்கூடங்களுக்குள் இருந்தது. இன்று யூடியூபில் மட்டும் நிமிடத்துக்கு 500 மணி நேரத்துக்கும் மேலான வீடியோ ஏறுகிறது. ஒரு மனிதரின் நாளில் இணைய நேரம் அரை மணி கூடியிருக்கலாம். அந்த அரை மணிக்காகப் போட்டி போடும் சரக்கு எத்தனையோ மடங்கு கூடிவிட்டது. நேரம் நீண்டிருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு மெலிந்திருக்கிறது.

இதன் பின்னால் இருக்கும் வியாபாரக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு 2024-இல் வந்த வருமானத்தில் 97 சதவீதத்துக்கும் மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. நீங்கள் விரலால் தள்ளத் தள்ள, நடுவே நடுவே ஒரு விளம்பர இடம் பிறக்கிறது. நேரம் கூடினால் இடம் கூடும், இடம் கூடினால் வருமானம் கூடும். அதனால்தான் முடிவே இல்லாமல் நீண்டுகொண்டே போகும் பக்கங்களை வடிவமைத்தார்கள். 2006 வாக்கில் அந்த வடிவத்தை உருவாக்கிய ஏசா ராஸ்கின் பிற்பாடு அதற்காக வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். ஆக, ஜனங்கள் ஆன்லைனில் அதிக நேரம் இருப்பதால் முதலில் லாபம் அடைவது அந்தத் தளங்கள்தான். விளம்பரம் கொடுப்பவருக்கு லாபம் வருமா என்பது தனிக் கேள்வி.

நீங்கள் தள்ளிவிடும் விளம்பரம் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். அது எப்படி வாங்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. யூடியூப் 2010-இல் கொண்டுவந்த முறையில், ஐந்து நொடி கழித்துத் தள்ளிவிடும் வசதி பார்ப்பவருக்கு உண்டு; முப்பது நொடி வரை பார்த்தாலோ, அதைவிடச் சின்ன விளம்பரம் என்றால் முழுக்கப் பார்த்தாலோ, கிளிக் செய்தாலோதான் விளம்பரதாரர் பணம் கட்டுவார். அந்த முறையில் வந்த விளம்பரத்தை நீங்கள் தள்ளிவிட்டால் அவருக்கு நஷ்டமே இல்லை. ஆனால் எத்தனை முறை கண்ணில் பட்டது என்று ஆயிரக்கணக்கில் எண்ணி விற்கும் முறையும் இருக்கிறது. அங்கே "பார்த்தார்" என்பதற்குத் துறை ஒப்புக்கொண்ட அளவுகோல் என்ன தெரியுமா? படத்தின் பாதி, ஒரு நொடி திரையில் தெரிந்தால் போதும். வீடியோ என்றால் இரண்டு நொடி. ஏஜென்சி மாத அறிக்கையில் "உங்கள் விளம்பரத்தை ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள்" என்று வந்தால், அந்த ஒரு நொடியை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தள்ளிவிட்டதும் யாரோ ஒருவருடைய அறிக்கையில் அந்த லட்சத்தில் ஒன்றாக ஏறியிருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, அப்படியானால் வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று தோன்றும். விட முடியாது. காரணம், ஜனங்கள் அங்கே எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள் என்பதைவிட, அங்கே இருந்துகொண்டு என்ன முடிவெடுக்கிறார்கள் என்பது.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். முன்பு ஒருவர் வீட்டுக்கு நண்பர் வருகிறார், மேசையைத் தடவிப் பார்த்து "யார் செய்தது?" என்று கேட்கிறார், இவர் உங்கள் பெயரைச் சொல்கிறார், அவர் நேரே உங்களிடம் வருகிறார். இப்போதும் முதல் மூன்றும் அப்படியேதான் நடக்கின்றன. நான்காவதுதான் மாறிவிட்டது. அவர் வெளியே போய் வண்டி எடுப்பதற்கு முன், உட்கார்ந்த இடத்திலேயே உங்கள் பெயரைப் போனில் போட்டுப் பார்க்கிறார். என்ன வருகிறது? ஒன்றுமே வராமல் போகலாம். பழைய போன் நம்பர் வரலாம். நான்கு வருடத்துக்கு முன்பு யாரோ கோபத்தில் எழுதி, நீங்கள் பதிலே சொல்லாமல் விட்ட ஒரு விமர்சனம் வரலாம். அதே திரையில், உங்கள் பெயருக்குக் கீழேயே, நாற்பது படங்களும் விலை விவரமுமாக வேறொரு பட்டறை வரலாம். அவர் உங்களைத் திட்டவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். வந்து பேரம் பேசிவிட்டுப் போனவரை உங்களுக்குத் தெரியும். வராமலே போனவரை உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருடமாக விசாரணை குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் முதலில் தேட வேண்டிய இடம் இது.

எனவே உங்கள் வாய்மொழி விளம்பரம் செத்துவிடவில்லை. அது போகும் வழியின் நடுப்பகுதி மட்டும் போனுக்குள் போய்விட்டது.

இன்னொன்று. கட்டில், அலமாரி போன்றவற்றை யாரும் ஒரே மூச்சில் வாங்குவதில்லை. வாரக்கணக்கில் யோசிப்பார்கள். முன்பு அந்த யோசனை மனசுக்குள்ளேயே நடந்தது. ஒரு கடை, இரண்டு கடை ஏறி இறங்குவதோடு முடிந்தது. இப்போது அந்த யோசனை, ஐந்து நிமிடம் பத்து நிமிடமாக, நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும்போது நாலு அலமாரிப் படம், சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு விமர்சனம், தூங்கப் போகும் முன் ஒரு விலை ஒப்பீடு. "ஈரம் பட்டால் பிளைவுட் உப்புமா?", "எந்த மரத்தைப் பூச்சி அரிக்காது?", "சின்ன அறைக்கு மடக்கு மேசை" என்று தேடுகிறார்கள். ஆன்லைன் நேரம் நீள்வது உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே பொருள்படுவது இங்கேதான். ஆசை வந்த நொடிக்கும், கேள்வி கேட்கும் நொடிக்கும் இடையே இடைவெளி இல்லாமல் போய்விட்டது. கேட்கும்போது பதில் சொல்ல யார் இருக்கிறார்களோ, அவர்கள் பெயர் மனசில் தங்குகிறது. மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் உங்களைவிட நன்றாகப் பதில் சொல்ல யாரால் முடியும்?

இந்த இடத்தில் இரண்டு விதமான விளம்பரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏஜென்சிக்காரர்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டித்தான் தருவார்கள்.

ஒன்று, தேடுபவர் முன் நிற்பது. கூகுளில் ஒருவர் "மடக்கு மேசை" என்று தேடும்போது மேலே வரும் விளம்பரம். கூகுள் இந்த வியாபாரத்தை 2000-இல் ஆரம்பித்தது. 2002 முதல் கிளிக் செய்தால் மட்டும் காசு என்ற ஏல முறையைக் கொண்டுவந்தது. அந்த ஏலத்தில் அதிகம் கொடுப்பவர் மட்டுமே மேலே வருவதில்லை, யாருடைய விளம்பரத்தை ஜனங்கள் அதிகம் கிளிக் செய்கிறார்கள் என்பதும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. சின்னவர்களுக்கு இது நல்ல செய்தி. கேட்ட கேள்விக்குப் பொருத்தமான பதில் உங்களிடம் இருந்தால், பெரிய கம்பெனியைவிடக் குறைவாகக் கொடுத்தும் அதற்கு மேலே நிற்க முடியும்.

இரண்டாவது, தேடாதவர் முன் போய் நிற்பது. ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பவர் நடுவே உங்கள் கட்டில் வருவது. அவர் கட்டில் வாங்கும் எண்ணத்திலேயே இல்லாதவராக இருக்கலாம். இங்கே வேலை ஆசையைத் தூண்டுவது. கண்ணுக்கு அழகான பொருள் என்பதால் உங்களுக்கு இதுவும் ஓரளவு பலன் தரும், ஆனால் பொறுமையும் பணமும் கேட்கும். ராத்திரி பதினொரு மணிக்குப் பாதித் தூக்கத்தில் விரலால் தள்ளிக்கொண்டிருப்பவரிடம் கட்டில் விற்பது எனக்கு என்றைக்குமே பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியதில்லை. அப்படி எடுத்த ஆர்டர் விடிந்ததும் ரத்தாகும்.

என் யோசனை: முதலாவதில் தொடங்குங்கள். அது நிலைத்த பிறகு இரண்டாவதைத் தொட்டுப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். மாதத்துக்கு அதிகபட்சம் எத்தனை ஆர்டர் உங்கள் பட்டறையில் நேர்த்தியாகச் செய்து முடிக்க முடியும்? பத்து என்று வைத்துக்கொள்வோம். அதில் நாலு இப்போதும் வாய்மொழியாகவே வருகிறது என்றால், தேவை ஆறு. விசாரிக்கும் ஐந்து பேரில் ஒருவர் வாங்குவார் என்றால், உங்களுக்கு வேண்டியது மாதத்துக்கு முப்பது விசாரணை. முப்பது! ஒரு லட்சம் பேர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சொல்லப்போனால், ஒரு லட்சம் பேர் பார்த்து அதில் முந்நூறு பேர் போன் செய்தால் உங்களுக்குத்தான் ஆபத்து. போன் எடுக்க ஆள் இருக்காது, சொன்ன தேதியில் கொடுக்க முடியாது, அந்தக் கோபமெல்லாம் விமர்சனமாக வந்து நிற்கும். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், போட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தின் மீது உங்களுக்கு இருக்கும் பயமும் தம்பிக்கு இருக்கும் ஆவேசமும் இந்தக் கணக்கு முடிந்ததும் பாதியாகக் குறையும்.

அடுத்தது, பலனை எப்படி அளப்பது. இதில்தான் அதிகப் பணம் கரைகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இணையத்தில் பொருள் வாங்கவும் விற்கவும் உதவும் ஈபே நிறுவனம் 2012-இல் ஒரு சோதனை செய்தது. "ஈபே" என்று பெயர் சொல்லித் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர், விளம்பரம் இல்லாமலே, கீழே இருக்கும் சாதாரண இணைப்பைத் தட்டி வந்து சேர்ந்துவிட்டார்கள். அதாவது, எப்படியும் வரவிருந்தவர்களைக் கூட்டிவருவதற்காக அதுவரை பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். டாம் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் மூவரும் எழுதிய அந்த ஆய்வு 2015-இல் எகனாமெட்ரிக்கா என்ற பொருளாதார ஆய்விதழில் வெளியானது. அதே ஆய்வில், பெயரல்லாத பொதுவான சொற்களுக்கான விளம்பரத்தையும் சோதித்தார்கள். அடிக்கடி வாங்கும் பழைய வாடிக்கையாளர்களிடம் அது எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் மட்டும் வேலை செய்தது.

உங்களுக்கு இதில் இரண்டு சேதி இருக்கிறது. உங்கள் பட்டறைப் பெயரைத் தேடுபவருக்கு விளம்பரம் காட்டி, "பாருங்கள், எவ்வளவு கிளிக், எவ்வளவு ஆர்டர்!" என்று யாராவது அறிக்கை நீட்டினால், அந்த ஆர்டர்களில் பெரும்பாலானவை விளம்பரம் இல்லாமலே வந்திருக்கும். (போட்டிக்காரர் உங்கள் பெயருக்கே விளம்பரம் கொடுக்கிறார் என்றால் மட்டும் இதைப் பற்றி மறுபடி யோசிக்கலாம்.) ஆனால் ஈபே எல்லோருக்கும் தெரிந்த பெயர். உங்கள் பட்டறை அப்படி இல்லை. உங்களைத் தெரியாதவர்கள்தான் அதிகம். தெரியாதவரிடம் விளம்பரம் வேலை செய்யும் என்பது உங்களுக்குச் சாதகமான செய்தி.

பெரிய கைகளுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. சோப்பு, சலவைத் தூள் போன்றவற்றை விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் 2017-இல் ஒரே காலாண்டில் பத்துக் கோடி டாலருக்கு மேல் டிஜிட்டல் விளம்பரச் செலவைக் குறைத்தது. விற்பனை வளர்ச்சி அதனால் பாதிக்கப்படவில்லை என்று நிறுவனமே சொன்னது. அதற்கு முந்தைய வருடம் ஃபேஸ்புக், வீடியோவை ஜனங்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற எண்ணைத் தான் கூட்டிக் காட்டிவிட்டதாக ஒப்புக்கொண்டது. மூன்று நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் சராசரி எடுத்திருந்தார்கள். அறிக்கையில் வரும் எண் எதுவானாலும் அது எப்படி எண்ணப்பட்டது என்று கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது மிக எளிது. போனில் விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும், "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மாதம் விளம்பரம் ஓடட்டும், மூன்றாவது மாதம் நிறுத்திப் பாருங்கள். விசாரணை குறைந்ததா, குறையவில்லையா? திருவிழாக் காலத்தையும் மந்தமான காலத்தையும் ஒப்பிட்டு ஏமாந்துவிடாமல், ஒரே மாதிரியான மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதியதும் ஏஜென்சி அறிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால், நான் நோட்டைத்தான் நம்புவேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். காசு இல்லாமல் செய்யக்கூடியதிலிருந்து. கூகுளில் தொழிலைப் பதிவுசெய்யும் பிசினஸ் புரொஃபைல் இலவசம். அதில் சரியான போன் நம்பர், திறந்திருக்கும் நேரம், வழி, நீங்கள் செய்த சாமான்களின் உண்மையான படங்கள். பகல் வெளிச்சத்தில் போனிலேயே எடுத்தால் போதும். ஒரு படம் முழு மேசை, ஒரு படம் மர இணைப்பு நெருக்கத்தில். வேறு எங்கிருந்தோ எடுத்த படத்தைப் போட்டுவிடாதீர்கள், வாங்குபவர் கண்டுபிடித்துவிடுவார். பழைய விமர்சனங்களுக்கு, கசப்பானவற்றுக்கும், பொறுமையாகப் பதில் எழுதுங்கள். குறை சொன்னவருக்கு நீங்கள் எழுதும் பதிலை அவர் படிப்பாரோ இல்லையோ, அடுத்து வருகிறவர் படிப்பார். திருப்தியான வாடிக்கையாளரிடம், இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. காசு கொடுத்து விமர்சனம் வாங்குவது மட்டும் கூடவே கூடாது. தளங்கள் கண்டுபிடித்தால் நீக்கிவிடும். அமெரிக்காவில் 2024 முதல் போலி விமர்சனத்தை வாங்குவதும் விற்பதும் அபராதத்துக்கு உரிய விதிமீறல் ஆகிவிட்டது.

அதன் பிறகு ஒரு சின்ன வெப்சைட். ஐந்தாறு பக்கம் போதும். மேலே சொன்ன பிளைவுட் கேள்வி, பூச்சிக் கேள்வி போல வாடிக்கையாளர்கள் உங்களிடம் வாய்விட்டுக் கேட்கும் கேள்விகளை எழுதி, பட்டறையில் எப்படிப் பதில் சொல்வீர்களோ அப்படியே பதில் எழுதுங்கள். 2024-லிருந்து கூகுள், தேடலுக்கு மேலேயே ஏஐ எழுதிய சுருக்கமான பதிலைக் காட்டுகிறது. ஆகவே எல்லோரும் உங்கள் பக்கத்துக்கு வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். வருகிறவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வருவார்கள், அவர்களைக் காக்க வைக்காதீர்கள். பக்கம் திறக்க மூன்று நொடிக்கு மேல் ஆனால் போனில் பார்ப்பவர்களில் 53 சதவீதம் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்று கூகுள் 2016-லேயே சொன்னது. கனமான படங்களைச் சின்னதாக்கிப் போடச் சொல்லுங்கள்.

வீடியோ பற்றித் தம்பி ஆர்வமாக இருப்பார் என்று நினைக்கிறேன். செய்யட்டும். உளி படும் சத்தம், இணைப்பு கச்சிதமாக உள்ளே இறங்குவது, மெருகு போட்டதும் மரத்தின் ரேகை எழுந்து வருவது, இவற்றைவிட நல்ல விளம்பரப் படம் எந்த ஏஜென்சியாலும் எடுக்க முடியாது. முதல் இரண்டு நொடியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும், பெயர்ப் பலகையையும் இசையையும் போட்டு இழுக்கக் கூடாது. தினமும் ஒன்று போட வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். வாரம் ஒன்று, நன்றாக, போதும்.

ஆனால் எல்லாவற்றையும் ஃபேஸ்புக் பக்கத்திலும் இன்ஸ்டாகிராமிலும் மட்டும் வைத்துவிடாதீர்கள். அது வாடகை வீடு. சுவரில் எங்கே ஆணி அடிக்கலாம் என்பதை வீட்டுக்காரர்தான் முடிவு செய்வார். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. வருடக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்த வியாபாரப் பக்கங்களின் பதிவுகள், காசு கட்டினாலொழிய, சேர்த்த ஆட்களிடமே போய்ச் சேராமல் போயின. குட்டி வீடியோக்களுக்கான வைன் என்ற தளம் 2017-இல் மூடப்பட்டது, கூகுளின் சமூகத் தளமான கூகுள் பிளஸ் 2019-இல். 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஒருவர் மற்ற ஆப்களில் என்ன செய்கிறார் என்று விளம்பரத்துக்காகக் கண்காணிப்பதற்கு அவரிடமே அனுமதி கேட்க வேண்டும் என்று மாற்றியது. அந்த ஒரு மாற்றத்தால் மறு வருடம் சுமார் ஆயிரம் கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே மதிப்பிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தையே அசைத்த மாற்றம், அதன் மூலம் ஆள் தேடிக்கொண்டிருந்த சின்ன வியாபாரிகளையும் அசைத்தது.

அதனால் உங்களுக்கே உங்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர்கள், விசாரித்தவர்கள், அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும், போன் நம்பர் அல்லது இமெயில். எப்போதாவது, சொல்வதற்கு உண்மையிலேயே ஏதாவது இருக்கும்போது மட்டும் எழுதுங்கள். கேட்காதவருக்கு மொத்தமாக வாட்ஸ்அப் அனுப்புவது தடை வாங்கித் தரும். இமெயிலிலும் அப்படித்தான்: மொத்தமாக அனுப்புபவர்களுக்கு ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் கடும் விதி வைத்திருக்கின்றன. ஆயிரம் மெயிலில் மூன்று பேர் "ஸ்பேம்" என்று புகார் செய்யும் நிலை வந்தாலே வரம்பைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

இத்தனைக்கும் பிறகு அந்த ஏஜென்சி வேண்டுமா? முதல் மூன்று மாதம் நான் மேலே சொன்னதை நீங்களும் தம்பியுமே செய்துவிடலாம். தேடல் விளம்பரம் கொடுக்கும் கட்டத்துக்கு வரும்போது, தெரிந்தவர் ஒருவர் கூட இருப்பது நல்லதுதான். அப்போது அந்த ஏஜென்சிக்காரரையே கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு வருட ஒப்பந்தம் வேண்டாம், மூன்று மாதம் என்று கேளுங்கள். மாத அறிக்கையில் "எத்தனை பேர் பார்த்தார்கள்" முதல் வரியாக இருக்கக் கூடாது, எத்தனை விசாரணை வந்தது, ஒரு விசாரணைக்கு எவ்வளவு செலவானது என்பதுதான் முதல் வரி என்று சொல்லிவிடுங்கள். விளம்பரத்துக்காகக் கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போகும் பணம் தனி, ஏஜென்சியின் கூலி தனி. இரண்டையும் ஒரே தொகையாகக் கேட்டால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிறவராக இருந்தால் வேறொருவரைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, பலரும் கோட்டை விடும் இடம். வெப்சைட்டின் டொமைன் பெயர் (அதாவது அதன் முகவரி), கூகுள் பிசினஸ் புரொஃபைல், விளம்பரக் கணக்கு, ஃபேஸ்புக் பக்கம், இவை நான்கும் உங்கள் இமெயிலில், உங்கள் பெயரில் திறக்கப்பட வேண்டும். ஏஜென்சிக்கு உள்ளே வந்து வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள்; கூகுளிலும் மெட்டாவிலும் அதற்கென்றே வசதி இருக்கிறது, பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. நாளைக்கு அவரை மாற்ற வேண்டி வந்தால், அந்த அனுமதியை நீக்கிவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். இதற்கு அவர் சம்மதிப்பாரா என்று முதலில் கேளுங்கள், கையெழுத்துப் பற்றித் தம்பியோடு அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.